வெயில் சொந்தம், தண்ணீர் இரவல்: தூத்துக்குடி மாவட்டம் இயங்கும் விதம்

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணிக்குக் காயல்பட்டினம் மழைமானி காட்டிய அளவு 95 செ.மீ. அத்தனையும் முந்தைய 24 மணி நேரத்தில் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையே சுமார் 65 செ.மீ.தான். ஒன்றரை வருட மழையை ஒரே நாளில் வாங்கிய ஊர் என்ன ஆகும் என்பதை அந்த வாரம் எல்லோரும் பார்த்தோம். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது வேறு: மழையே இல்லாத ஊர் என்று நம்பித் தொழில்களையும் சாலைகளையும் அலுவலகங்களையும் அமைத்துக்கொண்ட ஒரு மாவட்டம் எப்படி இயங்குகிறது? அந்த நம்பிக்கை எங்கே சரி, எங்கே தவறு?

நில அமைப்பிலிருந்து தொடங்குவோம். 1986 அக்டோபர் 20இல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து வ.உ.சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரில் இது உருவானது. தலைவர்களின் பெயர்களை மாவட்டங்களிலிருந்து அரசு நீக்கியபோது தூத்துக்குடி மாவட்டம் ஆனது. பிரிவினையில் மலை நெல்லைக்குப் போனது, கடல் இங்கே வந்தது. தண்ணீர் உற்பத்தியாகும் பொதிகையும், அதைத் தேக்கும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளும் மேற்கே இருக்கின்றன. தூத்துக்குடிக்குக் கிடைத்தது தாமிரபரணியின் கடைசி நீட்டம், சுமார் 163 கி.மீ. கடற்கரை, மழை மறைவுப் பகுதிக்கே உரிய காய்ந்த வானம். தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இறங்கிவிடும். இங்கே வந்து சேருவது அதன் காற்று மட்டும். வருட மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான்.

செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சூடேறி இறங்கும் அந்த மேல்காற்றைக் கடற்கரையில் கச்சான் என்பார்கள். ஜூன், ஜூலையில் கச்சான் எடுத்தால் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும், நாட்டுப்படகுகள் கரையில் கிடக்கும். அதே காற்றுதான் உப்பளத்தில் தண்ணீரை உறிஞ்சுகிறது, கயத்தாறு பக்கம் காற்றாலைகளைச் சுற்றுகிறது. ஒருவருக்கு வேலை இல்லாத நாள் இன்னொருவருக்கு நல்ல மகசூல் நாள்.

மாவட்டத்தை மூன்று மண்ணாகப் பிரித்துப் பார்ப்பது எளிது. வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் ஆகியவை கரிசல் பூமி. தாமிரபரணிப் பாசனம் அங்கே கிடையாது, வைப்பாறு மழைக்கு மட்டும் ஓடும் ஆறு. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கம்பு, மிளகாய், மல்லி, பருத்தி எல்லாம் வானம் பார்த்த பயிர்கள். கரிசல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். விதைப்பு மழை ஒன்று, நடுவில் ஒன்று, பூக்கும் நேரத்தில் ஒன்று என மூன்று மழை சரியான இடைவெளியில் விழுந்தால் போதும். அறுவடை நேரத்தில் நான்காவதாக ஒன்று விழுந்தால் உளுந்து செடியிலேயே முளைத்துவிடும். நடுவே தாமிரபரணியின் இரு கரைகளிலும் வண்டல்: ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் வட்டாரத்து நெல், வாழை, வெற்றிலை. தெற்கே உடன்குடி, சாத்தான்குளம், குதிரைமொழிப் பக்கம் தேரி, அதாவது செந்நிற மணல் மேடு. பெய்த மழை அப்படியே கீழே இறங்கிவிடும், மேலே பனை மட்டும் நிற்கும்.

தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். ஏழாவது மருதூர், எட்டாவதும் கடைசியுமானது ஸ்ரீவைகுண்டம். ஆங்கிலேயர் காலத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டியது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. அதிலிருந்து வடகால், தென்கால் என இரண்டு கால்வாய்கள் பிரிந்து, சங்கிலிபோலக் குளங்களை நிரப்பிக்கொண்டே போய் சுமார் 25,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. வடகாலின் கடைசிக் குளம் கோரம்பள்ளம். அதைத் தாண்டினால் தூத்துக்குடி நகரமும் உப்பளமும் கடலும்தான்.

கடைமடை என்பதன் பொருளை இந்தக் கால்வாய்களில் பார்க்கலாம். அணையில் தண்ணீர் குறைவான ஆண்டுகளில் முதல் நெல் போகமான கார் பருவத்துக்கு மேலணைக்கட்டுகளின் கால்வாய்களுக்கு முதலில் திறப்பார்கள். மருதூருக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் அடுத்த போகமான பிசானம் வரை காத்திருப்புதான். பல ஆண்டுகள் இங்கே ஒரு போக நெல்லே உறுதி. விவசாயி வாழைக்குப் போனதற்கு ஒரு காரணம் இது. நெல்லுக்கு வேண்டியதுபோல வயலில் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டாம், முறை வைத்து விட்டாலும் வாழை தாங்கும். ஆனால் ஆவணிக் காற்றுக்கு வாழை சாயும், மார்கழி வெள்ளத்தில் நான்கு நாள் நின்றால் வேர் அழுகும். ஆபத்து தீரவில்லை, மாதம் மாறியது, அவ்வளவுதான்.

இதே ஆற்றிலிருந்துதான் குடிநீரும். தூத்துக்குடி மாநகருக்கு வல்லநாட்டுப் பக்கத்திலிருந்து குழாய் வருகிறது, கோவில்பட்டிக்குச் சீவலப்பேரியிலிருந்து. தொழிற்சாலைகளுக்கென்று ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து எடுக்கும் திட்டத்துக்கு ‘20 எம்ஜிடி’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒரு நாளைக்கு 20 மில்லியன் காலன் என்றால் சுமார் 9 கோடி லிட்டர். 1970களில் ஆலைகள் வந்தபோது வகுத்த கணக்கு அது. விவசாயிகளின் சண்டை பெரும்பாலும் இந்த ஒரு எண்ணைச் சுற்றியே நடந்திருக்கிறது. ஆறு மெலிந்து ஓடும் கோடையிலும் ஆலைக்கு எடுக்கும் அளவு குறையாவிட்டால் வயலுக்கு மிச்சம் என்ன என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

இத்தனை தண்ணீர்க் கஷ்டத்துக்கு நடுவே, தண்ணீர் இல்லாததையே மூலதனமாக்கிய தொழில் உப்பு. குஜராத்துக்கு அடுத்து இந்தியாவில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில். அதில் பெரும்பங்கு தூத்துக்குடியில். வடக்கே வேப்பலோடை, தருவைகுளம், தெற்கே முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி வரை கடலோரம் முழுக்க வெள்ளைக் கட்டங்கள். இதை ‘கடல் நீரைக் காய்ச்சுகிறார்கள்’ என்று ஒரு வரியில் முடிப்பவர்கள் உண்டு. வேலை அவ்வளவு எளிதல்ல.

உப்பளக் கணக்கு முழுவதும் ‘டிகிரி’யில் ஓடுகிறது. வெப்ப டிகிரி அல்ல, நீரின் அடர்த்தியைக் காட்டும் போமே டிகிரி. கண்ணாடிக் குழாய் போன்ற ஒரு மிதவையைத் தண்ணீரில் விட்டால் அது எந்தக் கோடு வரை அமிழ்கிறதோ அது அளவு. கடல் நீர் 3 முதல் 3.5 டிகிரி. இங்கே பல அளங்களில் நேரடியாகக் கடல் நீரை எடுப்பதில்லை. ஆழ்துளைக் கிணற்றில் கடலைவிட அடர்த்தியான உவர்நீர் கிடைக்கிறது, காய வேண்டிய நாள் குறைகிறது. அந்த நீரை முதலில் தெப்பம் எனும் பெரிய தேக்கத்தில் தேக்கி, பிறகு அடுத்தடுத்த கட்டங்களுக்கு நகர்த்திக்கொண்டே போவார்கள். போகும் வழியில் முதலில் சுண்ணாம்பு படியும். 13 டிகிரி வாக்கில் ஜிப்சம் படியத் தொடங்கும். 24, 25 டிகிரி வந்த பிறகுதான் உப்பு விளையும் பாத்திக்குள் விட வேண்டும். கடல் நீராக இருந்தால் இந்த நேரத்துக்குள் அதன் கன அளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும்.

அவசரப்பட்டு 22 டிகிரியில் பாத்திக்கு விட்டால் ஜிப்சமும் உப்போடு சேர்ந்து படியும். அந்த உப்பைக் கையில் எடுத்துக் கரைத்தால் அடியில் மாவுபோல ஒரு கலங்கல் நிற்கும். ரசாயன ஆலைக்காரர் லாரியைத் திருப்பி அனுப்புவார். சோம்பலில் 29, 30 டிகிரியைத் தாண்ட விட்டால் மெக்னீசியம் உப்புகள் ஒட்டிக்கொள்ளும். உப்பு கசக்கும், காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக் கசியும், மூட்டை நனையும். ஆக நல்ல உப்பு என்பது 25க்கும் 29க்கும் இடையில் நடக்கும் விஷயம். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரைப் பாத்தியிலிருந்து வெளியேற்றிவிட வேண்டும். புது நீரோடு கலந்து மறுபடி ஓட்டினால் அடுத்த விளைச்சலும் கெடும். சமையலுப்புக்கு ஈரம் நீக்கிய நிலையில் 96 சதவீதம் சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்பது உணவுச் சட்டத்தின் குறைந்தபட்ச அளவு. சோடாக் காரம் செய்யும் ஆலைகள் அதைவிடச் சுத்தமாகக் கேட்கும். ஆறுமுகநேரியை ஒட்டி சாகுபுரத்தில் அப்படியொரு ஆலை 1950களின் இறுதியில் அமைந்ததற்கு வாசலிலேயே உப்பு கிடைத்ததும் காரணம்.

பாத்தியின் அடித்தரை இன்னொரு பாதி வேலை. பருவம் தொடங்கும் முன் சேற்றை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். தரை இளகினால் வாருபலகை சேற்றையும் சேர்த்து இழுக்கும், உப்பு சாம்பல் நிறமாகும், விலை இறங்கும். இறுகிய தரையில் நின்று, முழங்காலுக்குக் கீழே உறைக்கும் நீரில், வெயிலுக்கு முன் விடியற்காலையிலேயே வாரத் தொடங்குகிறார்கள். வாரியதை வரப்பில் வடியவிட்டு, பெட்டியில் சுமந்து தட்டுமேட்டில் அம்பாரமாகக் குவிப்பது பெரும்பாலும் பெண்கள். வெள்ளைத் தரையிலிருந்து திருப்பி அடிக்கும் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கிறது, காலில் விழும் வெடிப்பு உப்பு நீரில் ஆறுவதே இல்லை. நல்ல ரப்பர் செருப்பும் கறுப்புக் கண்ணாடியும் இதற்குப் பெரிய தொழில்நுட்பம் அல்ல. இருந்தும் எல்லா அளத்திலும் கிடைப்பதில்லை.

மழை பெய்தால் என்ன இழப்பு என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை என்றால் 10 லிட்டர் தண்ணீர். 10 லிட்டர் நல்ல தண்ணீர் சுமார் 3.6 கிலோ உப்பைக் கரைக்கும். ஒரு ஏக்கர் 4,047 சதுர மீட்டர். ஆக 1 செ.மீ. மழைக்கு ஏக்கருக்கு 14 டன்னுக்கும் மேல் உப்பைக் கரைக்கும் பலம் உண்டு. ஆனால் அனுபவமுள்ள அளத்தில் அவ்வளவும் போகாது. நல்ல தண்ணீர் லேசானது, அடர்ந்த நீரின் மேல் மிதக்கும். காற்று இரண்டையும் கலக்கும் முன் மடையைத் திறந்து மேல்நீரை மட்டும் வடித்துவிடுவார்கள். நள்ளிரவில் பெய்தால் யார் போய் மடையைத் திறப்பது என்பதில்தான் லாபமும் நட்டமும். அம்பாரத்தை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடுவதும் இதற்காகத்தான்.

அக்டோபரில் மழை தொடங்கினால் உற்பத்தி நிற்கும். ஜனவரி வரை வரப்பு கட்டவும் சேறு அள்ளவும் சிலருக்குத்தான் வேலை. மீனவருக்குத் தடைக்காலத்தில் நிவாரணம் தருவதுபோல் உப்பளத் தொழிலாளருக்கும் தர வேண்டும் என்பது பழைய கோரிக்கை. மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று மாநில அரசு அறிவித்து வழங்கத் தொடங்கியது. மூன்று மாதத்துக்கு 5,000 ரூபாய். போதுமா என்று கேட்டால் இல்லை. ஆனால் நல வாரியத்தில் பதிவு இருந்தால்தான் கிடைக்கும் என்பதால், தினக்கூலியாகவே பல காலம் இருந்தவர்களின் பெயர்கள் ஏட்டில் ஏறின. அது சின்ன லாபமல்ல.

காய்ந்த காற்று தந்த தொழில்கள் இன்னும் உண்டு. கோவில்பட்டியில் தீப்பெட்டி வேரூன்றியதற்கு விவசாயம் பொய்த்துப்போன கரிசலின் மலிவான உழைப்பு ஒரு காரணம், மருந்து தோய்த்த குச்சி சீக்கிரம் உலரும் வறண்ட காற்று இன்னொரு காரணம். 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்ததும் கோவில்பட்டி உற்பத்தியாளர்களின் நெருக்கடியால்தான். அதே ஊரின் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. கரிசல் நிலக்கடலையும் வெல்லப் பாகும்தான் அதன் சரக்கு.

தேரிக்காட்டுக் கருப்பட்டியின் கணக்கு இன்னும் இறுக்கமானது. ஒரு மரத்தில் நாளைக்கு இரண்டு முறை ஏறிப் பாளையைச் சீவ வேண்டும், கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ வேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகும். கூடினால் கருப்பட்டி கறுத்துச் சுவை கெடும். எட்டு முதல் பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி. பாகு பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போட்டு, பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றுவார்கள். விறகும் ஏறும் ஆளின் கூலியும் சேர்ந்தால் சீனி கலக்காத கருப்பட்டியை மலிவாக விற்கவே முடியாது. கடையில் விலை குறைவாக இருந்தால் அதில் சீனி இருக்கிறது என்றே கொள்ளலாம். உடன்குடிக் கருப்பட்டியும் ஆத்தூர் வெற்றிலையும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றன. குறியீடு பெயரைக் காக்கும். பனையேறும் ஆளை அது உருவாக்காது. உண்மையான பற்றாக்குறை அங்கேதான்.

கடலுக்கு வருவோம். ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் இந்தக் கரையைப் பலமுறை மாற்றியிருக்கிறது. பாண்டியரின் முத்துத் துறையான கொற்கை இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே ஒரு கிராமம். அடுத்து வந்த காயல் துறைமுகமும் தூர்ந்தது. போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லோரும் தூத்துக்குடியைத் தேர்ந்ததற்குக் காரணம் இங்கே பெரிய ஆற்றின் முகம் இல்லாதது, முன்னே முயல் தீவும் தூரத்தில் இலங்கையும் அலையைத் தடுப்பது. குறையும் உண்டு, கரையோரம் ஆழமில்லை. நீராவிக் கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, சரக்கைத் தோணிகள் ஏற்றி இறக்கின. 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் நிறுவனம் கொழும்புக்கு ஓட்டிய ‘காலியா’, ‘லாவோ’ கப்பல்களும் இந்த ஏற்பாட்டில்தான் இயங்கின. 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் வழி திறக்கும்வரை தமிழ்நாட்டிலிருந்து இலங்கைக்குப் போகும் பயணிகள் வழக்கமாகப் போனது தூத்துக்குடி வழியாக. பழைய துறைமுகத்தில் இன்றும் காய்கறி, கட்டுமானப் பொருள் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போகும் தோணிகள் அந்தப் பரம்பரையின் மிச்சம்.

புதிய துறைமுகம் முழுக்கச் செயற்கை. கடலுக்குள் கல்லைக் கொட்டி வடக்கே 4 கி.மீ.க்குச் சற்று மேலும், தெற்கே 3.9 கி.மீ. அளவிலும் இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பி, நடுவே ஆழப்படுத்தினார்கள். 1974 ஜூலை 11இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது, 2011இல் வ.உ.சிதம்பரனார் பெயர் வந்தது. இப்போது ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கைக் கையாள்கிறது. அதில் நிலக்கரிக்கு முக்கிய இடம். துறைமுகத்தை ஒட்டி 5 அலகுகளில் 1,050 மெகாவாட் அனல் மின் நிலையம், பக்கத்தில் என்எல்சியும் தமிழ்நாடு மின்வாரியமும் சேர்ந்து அமைத்த 1,000 மெகாவாட் நிலையம். கரி கப்பலில் வந்து பட்டையில் ஏறி நேராகக் கொதிகலனுக்குப் போகும். குளிர்விக்க நல்ல தண்ணீர் வேண்டாம், கடல் நீர் போதும். வறண்ட கடற்கரையில் அனல் நிலையம் அமைவதன் தர்க்கம் இதுதான். கன்டெய்னரில் மட்டும் தூத்துக்குடி கொழும்பின் நிழலில் இருக்கிறது. பெரிய தாய்க்கப்பல்கள் அங்கே நிற்க, இங்கிருந்து சிறு கப்பலில் கொண்டுபோய் மாற்றுகிறார்கள். அந்தச் செலவைக் குறைக்கத்தான் வெளித்துறைமுகத் திட்டம்; 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டினார்கள். குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கும் அதே நாள்தான். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து போக வேண்டும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவில் செலவாகும் எரிபொருளே பெரும் பாரம். குலசையிலிருந்து தெற்கே திறந்த கடல்.

ஆலைகளின் வரவு எல்லாம் இப்படி நல்ல கணக்காக முடியவில்லை. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தில் 2018 மே 22, 23 தேதிகளில் போலீஸ் சுட்டதில் 13 பேர் இறந்தனர். ஆலை மூடப்பட்டது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் திறக்க மறுத்தது. ஆலை மூடியதால் கந்தக அமிலமும் துறைமுகச் சரக்கும் குறைந்ததும் உண்மை. காற்றும் நிலத்தடி நீரும் கெட்டதற்கு ஊர்க்காரர் ஆண்டுக்கணக்கில் கொடுத்த மனுக்களுக்கு ஒழுங்கான பதில் வராததும் உண்மை. முதலாவதை மட்டும் பேசுகிறவர்கள் இரண்டாவதைத் தாண்டிப்போவது சரியல்ல.

கடலுக்கு அடியிலும் ஒரு கணக்கு உண்டு. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் வான், காசுவார், விலாங்குசல்லி, காரியசல்லி நான்கும் தூத்துக்குடிக் குழு. சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் பவளத்தை வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லி நீருக்குள் போய்விட்டது. பவளத்திட்டு அலையின் வேகத்தை உடைக்கும் வேலியாக நிற்கிறது. அதை எடுத்தால் தீவு கரையும், தீவு கரைந்தால் அலை நேரே ஊருக்கு வரும். வான் தீவைச் சுற்றி 2015 முதல் கான்கிரீட் செயற்கைத் திட்டுகளை இறக்கி அரிப்பைத் தடுக்கிறார்கள். முத்துக் குளிப்பு 1961க்குப் பிறகு நடக்கவில்லை. மீன்பிடியில் ஊருக்கு ஊர் கட்டுப்பாடு வேறு: தூத்துக்குடி விசைப்படகுகள் விடியற்காலை போய் இரவுக்குள் திரும்பும் வழக்கம், தருவைகுளத்தார் இழுவை மடியை ஒதுக்கி, மிதக்கவிட்டு மீனைச் செவுளில் சிக்கவைக்கும் வழிவலையோடு பல நாள் தங்கிச் சூறை, சீலா மீன்களைப் பிடிப்பவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு.

இனி நிர்வாகம். 2011 கணக்கெடுப்பில் 17,50,176 பேர். ஆயிரம் ஆணுக்கு 1,023 பெண்கள். வருவாய்த் துறைக்கு 3 கோட்டம், 10 வட்டம். உள்ளாட்சியில் ஒரு மாநகராட்சி, கோவில்பட்டி, காயல்பட்டினம், திருச்செந்தூர் என 3 நகராட்சிகள், 18 பேரூராட்சிகள், 12 ஊராட்சி ஒன்றியங்கள், 403 ஊராட்சிகள். 1866இல் நகராட்சியான தூத்துக்குடி 2008 ஆகஸ்ட் 5இல் மாநகராட்சி ஆனது. பிறகு மீளவிட்டான், சங்கரப்பேரி, முத்தையாபுரம் போன்ற ஊராட்சிகளைச் சேர்த்து 60 வார்டுகளாக விரிந்தது.

எண்களைவிட முக்கியம், எது யார் கையில் என்பது. ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, 100 ஏக்கருக்கு மேற்பட்ட குளம் நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்திடம். குடிநீர் ஊருணி ஊராட்சியிடம். குளத்துக்கு வரும் ஓடை புறம்போக்கு என்பதால் ஆக்கிரமிப்பை அகற்றத் தாசில்தார். ஓடை சாலையைக் கடக்கும் பாலம் தேசிய நெடுஞ்சாலை என்றால் ஒரு துறை, மாநிலச் சாலை என்றால் இன்னொன்று, தண்டவாளம் என்றால் ரயில்வே. கரையில் உடைப்பு என்று ஊராட்சித் தலைவரிடம் ஓடினால் அவரால் மணல் மூட்டைக்கு மேல் எதுவும் செய்ய முடியாது. மனுவை எழுதும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண் யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுவது பாதி அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கோரம்பள்ளம் இதற்கு நல்ல பாடம். வடகாலின் தண்ணீரும், மேற்கே காட்டு ஓடைகளில் வரும் மழைநீரும் இரண்டும் சேரும் குளம் அது. நிரம்பினால் 24 கண் மதகு வழியே உப்பாற்று ஓடைக்குப் போய், உப்பளங்களுக்கு நடுவே புகுந்து கடலைச் சேர வேண்டும். 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் தனியாக ஸ்ரீவைகுண்டத்தையும் ஏரலையும் மூழ்கடித்தது. ஏரல் பாலத்தின் அணுகுசாலை அறுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பேருடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் சிக்கியது. தூத்துக்குடி நகரை மூழ்கடித்ததில் பெரும்பங்கு ஆற்று நீருக்கு இல்லை, உடைந்த கோரம்பள்ளத்துக்கும் காட்டு வெள்ளத்துக்கும்தான். திருநெல்வேலிச் சாலை அந்தோணியார்புரத்தில் துண்டானதும் அந்த நீரால். நகருக்குள் வெள்ளத்தை வடிக்க முன்பே கட்டிய பக்கிள் ஓடையும் இத்தனை நீருக்குப் போதவில்லை. கடலோரச் சரிவு மிகக் குறைவு; மழை நின்று பல நாள் கழித்தும் சில தெருக்களில் மோட்டார் வைத்துத்தான் இறைக்க வேண்டியிருந்தது.

ஆண்டுக்கு 65 செ.மீ. மழை என்று வைத்துப் பாலத்தின் கண்ணைக் கணக்கிட்டால் சின்னக் குழாயே போதும் என்று தோன்றும். பாலத்துக்கு ஆண்டுச் சராசரி உதவாது, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்பதே கணக்கு. வறண்ட மாவட்டத்தில் ஓடை பத்து வருடம் காய்ந்து கிடக்கும். அதற்குள் பட்டாவாகிறது, பாத்தியாகிறது, மனையாகிறது. பதினோராவது வருடம் தண்ணீர் பழைய தடத்தைத் தேடி வருகிறது.

ஊராட்சிகளின் கையில் இருக்கும் பணமும் குறைவு. வீட்டு வரி, தொழில் வரி, மாநில நிதிக் குழு மானியம், மத்திய நிதிக் குழு மானியம். கடைசியானதில் 15ஆவது நிதிக் குழு 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிவைத்தது. காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இருவருக்கும் ஆகாது என்றால் மோட்டார் ரிப்பேர்கூட நிற்கும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை உண்டு. குளத்துக் கரை, ஓடை அடைப்பு போன்றவற்றை மார்ச் 22 தண்ணீர் நாள் சபையில் தீர்மானமாக எழுதி வைத்தால் பின்னால் நீர்வளத் துறையிடம் காட்ட ஒரு தாள் இருக்கும். ஆனால் 2019 டிசம்பர் தேர்தலில் வந்தவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் போயின.

சில்லாநத்தம் சிப்காட் தொழிற்பேட்டையில் மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று, உடன்குடியில் 1,320 மெகாவாட் அனல் நிலையம் எழுகிறது. எல்லோரும் கேட்கப்போவது தண்ணீர். கடல் நீரைச் சுத்திகரிப்பதுதான் வழி என்றால் ஆயிரம் லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகும். வெளியே தள்ளும் கழிவு நீர் கடலைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு உவர்ப்பு. அதைப் பவளத்திட்டுப் பக்கம் விட்டால் கேடு. சேர்த்த ரசாயனங்களைச் சோதித்துவிட்டு உப்பளத் தெப்பத்துக்குத் திருப்பினால் 3 டிகிரியில் தொடங்குபவர் 6 டிகிரியில் தொடங்கலாம், காயும் நாள் பாதியாகக் குறையும். குழாய் போடும் தூரமும் அதிகமில்லை. முள்ளக்காட்டில் உப்பளமும் ஆலைகளும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.